ரோமாபுரியில் பிழை பார்த்தவள்

பால் பொங்கும் முன் அடுப்பை அணைத்தான். காப்பி கலந்தான். நின்றுகொண்டே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

சட்டைக்குப் பொத்தான் போடும்போது அத்தை வந்தார். இறந்துபோன மனைவியின் அம்மா. காலைப் பூசை முடிந்து நேராக வந்திருந்தார். தலையில் முக்காடு இன்னும் இருந்தது.

"கல்லறைக்குக் கல்லு வெட்டுறவரு போன் பண்ணாரு மாப்ள. பேரு, தேதி எல்லாம் வெட்டியாச்சாம். கீழ ஒரு வரிக்கு எடம் விட்டிருக்காராம்."

அவன் அடுத்த பொத்தானைப் போட்டான்.

"நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. கடைசியா இயேசுவேன்னு கூப்பிட்டாளா?"

அவள் கல்லூரியில் வரலாறு நடத்தினாள். வீட்டில் பழைய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்கள் பார்ப்பாள். எல்லாம் ரோமாபுரி பற்றியவை. அட்டைத் தூண்கள். கதவைச் சாத்தினால் ஆடும் அரண்மனைச் சுவர்.

அதையெல்லாம் விட்டுவிடுவாள். வரலாற்றுப் பிழைதான் வேண்டும்.

குதிரையில் கால் வைத்து ஏறும் அங்கவடி தெரிந்தால், அந்தக் காலத்தில் அது ஏது என்று படத்தை நிறுத்துவாள். விருந்தில் தக்காளி வந்தால் கைதட்டுவாள்.

"அமெரிக்காவுக்கே இன்னும் யாரும் போகலைடா! தக்காளி எங்கேருந்து வந்துச்சு?"

சிரிக்காமல் கோபப்படுவது ஒன்றுக்குத்தான். குத்துப்பட்டவன் தூணில் சாய்ந்து நீளமாகப் பேசிவிட்டுச் சாவான்.

"யாரு கேட்டா இவன் பேசினதை? பின்னாடி வந்தவன் எழுதி வச்சது. பொய்."

அத்தை நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

"அது மட்டும் சொல்லியிருந்தா போதும் மாப்ள. நான் தூங்கிருவேன்."

அவர் கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது.

"சொன்னா அத்தை."

அத்தை கண்ணை மூடினார். சிலுவை போட்டுக்கொண்டார். வாசலுக்குப் போய்க் கல் வெட்டுபவரை அழைத்தார். அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்வது கேட்டது.

அவன் தடுக்கவில்லை.

மருத்துவமனையில் கடைசி நாளிலும் அவளுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. கைபேசியை அவன்தான் அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். தொடரில் ரோமாபுரி முழுக்கப் பெரியம்மை. ஒரு படைவீரன் செத்துக்கொண்டிருந்தான். போர்வை விலகி அவன் மேல்கை தெரிந்தது.

அவள் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினாள்.

"டேய், அவன் கையைப் பாரு. அம்மை குத்தின தழும்பு. இவன் பொழச்சுக்குவான்."