சுவர் யானையும் முயல் அலுமாரியும்

“என்னா தம்பி, பன்னிக்கு இவ்வளவு நீளமா மூக்கு வரைஞ்சிருக்கீங்க?”

பக்கத்து வீட்டு அன்னலட்சுமி அக்கா அறை வாசலில் நின்று கேட்டார். ஜனார்த்தனனின் தூரிகை அந்தரத்தில் நின்றது.

“யானைக்கா இது. அம்மா யானை. பக்கத்துல குட்டி.”

“ஓ, குட்டியா? நான் பூசணிக்காய்னு நெனச்சேன்.”

மதுஷாவிடம் ஒரு பிடி கறிவேப்பிலையைக் கொடுத்துவிட்டு அக்கா போய்விட்டார்.

கல்யாணமாகி ஏழாவது வருஷத்தில்தான் மதுஷா உண்டாகியிருந்தாள். மருந்து குடித்தது அவள். கோயில் கோயிலாக நடந்தது அவள். இப்போது எட்டு மாத வயிற்றோடு மூச்சு வாங்குவதும் அவள். தன் பங்குக்கு ஒன்றுமே செய்யவில்லையே என்று ஜனார்த்தனனுக்கு உறுத்தியது. குழந்தையின் அறையைத் தன் கையாலேயே அலங்கரிப்பது என்று முடிவு கட்டினான்.

கண்டியில் ஒரு கந்தோரில் ஃபைல் கட்டுகிற கை அது. சுத்தியல் பிடித்த அனுபவம் இல்லை. ஆனால் அடுத்தவர் சுத்தியல் பிடிப்பதை யூடியூபில் பார்த்த அனுபவம் ஏராளம்.

மதுஷாவின் பழைய சேலையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை தைத்தான். அட்டையில் குருவிகள் வெட்டித் தொட்டிலுக்கு மேலே தொங்கவிட்டான். எல்லாவற்றையும் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டான். கூட வேலை செய்யும் பஹீம், குண்டசாலையில் இருந்த இவர்கள் வீட்டுக்கே குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டு, “கலக்கிட்டீங்க” என்றார். அன்றைக்கு ஜனார்த்தனனின் கால் தரையில் படவில்லை.

அக்கா மட்டும் தினம் ஒன்று சொன்னார்.

“இது திரையா? துவைச்சுக் காயப்போட்டிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்.”

“குருவியெல்லாம் பட்டினி போல. வத்திப்போய்த் தொங்குதே.”

“பொறாமை” என்றான் மதுஷாவிடம். “வேற ஒன்னுமில்ல. வயித்தெரிச்சல்.”

“அவங்க பேச்சே அப்படித்தாங்க. விடுங்க.”

ஒருநாள் வேலை முடிந்து வந்தால், அம்மா யானையின் கன்னத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாக ஒரு கறை. குட்டியின் கன்னத்திலும் ஒன்று.

“யாரு வந்தா?”

“அக்காதான். பலாக்காய்க் கறி குடுத்துட்டுப் போனாங்க.”

துடைத்துப் பார்த்தான், பரவியது. மேலே பெயின்ட் அடித்து மறைத்தான். மறுநாளே கறை பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

வாயால் கெடுத்தது போதாதென்று கையாலும் கெடுக்க ஆரம்பித்துவிட்டாளே என்று ஜனார்த்தனனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்து அறையைப் பூட்டினான்.

“பெயின்ட் இன்னும் காயலக்கா.”

“மூணு வாரமாவா தம்பி?”

“மழைக்காலம் பாருங்க.”

அந்த மூன்று வாரமும் பூட்டிய அறைக்குள் அவனுடைய தலைசிறந்த படைப்பு உருவானது. முயல் வடிவத்தில் ஓர் அலுமாரி! ஒரு காது உயர்ந்தும் ஒரு காது தாழ்ந்தும் அமைந்தது. முயல் எதையோ உற்றுக் கேட்கிறது என்று வைத்துக்கொண்டான். கதவு திறந்தால் மூடவில்லை, மூடினால் திறக்கவில்லை. குழந்தைக்குப் பாதுகாப்பு என்று அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று முதல் ஆளாக அக்கா வந்து நின்றார். குழந்தையைக் கையில் வாங்கினார்.

“ஐயே! என்னா மதுஷா, எலிக்குஞ்சு மாதிரி இருக்கு!”

ஜனார்த்தனனுக்கு ரத்தம் தலைக்கேறியது. யானையைச் சொன்னது போதாதா, என் பிள்ளையையுமா? வாயைத் திறக்கப் போனவன் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மைச்சிமிழை எடுத்தார். குழந்தையின் கன்னத்தில் கட்டைவிரலால் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

அதே அளவு. அதே கறுப்பு.

“அப்ப யானைக்கு வச்சதும்…?” என்று இழுத்தாள் மதுஷா.

“பின்னே? ஏழு வருஷங் கழிச்சு வர்ற புள்ள. ஒங்க வீட்டுக்காரரு உசுருள்ள யானை மாதிரியே வரைஞ்சு வச்சுக்கிட்டு, ஊரையே கூட்டியாந்து காட்டுறாரு. எத்தன பேர் கண்ணு! நம்ம வாயாலயும் நல்லாருக்குன்னு சொல்லலாமா? நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுல்ல இருந்தேன்.”

ஜனார்த்தனனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கத்தின் பின்னாலேயே குபீரென்று ஒரு சந்தோஷமும் வந்தது. பன்றி, பூசணிக்காய், பட்டினிக் குருவி. அத்தனையும் பாராட்டா!

ஓடிப்போய் அறையைத் திறந்தான்.

“உள்ள வாங்கக்கா. என்னய மன்னிச்சுக்கங்க. நீங்க பார்க்காதது ஒன்னு இருக்கு.”

முயல் அலுமாரியை மூடியிருந்த துணியை இழுத்தான். கழுதை என்பாரா, கரடி என்பாரா என்று ஆசையோடு காத்து நின்றான்.

அக்கா முன்னால் நின்று பார்த்தார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். கதவை இழுத்துப் பார்த்தார். பிறகு மைச்சிமிழை மூடி முந்தானையில் முடிந்துகொண்டார்.

“ரொம்ப அழகா இருக்கு தம்பி” என்றார். “யாருக்கு வேணும்னாலும் காட்டுங்க.”