ஒரு சொட்டு இல்லை

ஷெட்டில் நின்ற காரின் பேட்டரி பல வருஷம் சும்மா கிடந்து, உள்ளே வறண்டுபோயிற்று.

சார்ஜர் வந்து அதைக் கவ்வியது. “உள்ளே தண்ணி இருக்காடா?”

இல்லையென்றால் காயலான் கடைதான். பேட்டரி முந்திக்கொண்டு சொன்னது, “நிறைய இருக்கு அண்ணே!”

கரண்டு ஏறியது. பேட்டரியின் உடம்பு கொதித்தது, விலா உப்பியது.

“ஏன்டா இப்படிச் சுடுறே?”

“உங்களைப் பார்த்த சந்தோஷம் அண்ணே!”

“வெடிச்சுத் தொலையப்போறே. உண்மையைச் சொல்லு!”

கடைக்குப் போவதைவிட வெடிப்பதே மேல் என்று பேட்டரி வாயை மூடிக்கொண்டது.

மூலையிலிருந்து ஒரு குரல் கத்தியது. “நிறுத்துங்கண்ணே! அது என்கிட்ட குடிச்சு வருஷக்கணக்காச்சு. ஒரு சொட்டு இல்லை. ஆறட்டும், நான் ஊத்துறேன்.”

மறுநாள் கார் உறுமியது. பேட்டரி சார்ஜரைக் கும்பிட்டது.

“என்னை ஏன்டா கும்பிடுறே?” என்று சார்ஜர் எரிந்து விழுந்தது. “உன்னைப் பிழைக்க வெச்சது அந்தத் தண்ணிக் கேன்.”