பித்தளைக் கூட்டின் பிடி

வேட்டைக்காரர் ஒருவர் தன் துப்பாக்கிக்கான தோட்டாக்களைத் தானே செய்துகொள்வார். சுட்டதும் குண்டு பறந்துவிடும்; பித்தளைக் கூடு மட்டும் அவர் காலடியில் விழும். அதை எடுத்து வந்து துடைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, அதன் வாயில் புதிய குண்டைச் செருகுவார்.

"எனக்கு முன்னால் இருந்தவன் எங்கே போனான் அக்கா?" என்று ஒவ்வொரு குண்டும் கேட்கும்.

"காகிதத்துக்கு" என்று கூடு சொல்லும். அது உண்மைதான். மரத்தில் கட்டிய காகிதத்தில் விழுந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, அவர் மருந்தைக் கடுகளவு குறைப்பார், கடுகளவு கூட்டுவார். ஓட்டைகள் நெருங்கி வந்தன. ஒருநாள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. அவர் சிரித்தார். காகிதங்களைச் சுருட்டிப் பரண்மேல் போட்டார்.

மறுநாள் அதே கூட்டோடு காட்டுக்குப் போனார். ஒரே முறைதான் சுட்டார். தாய்மான் விழுந்தது. அதன் குட்டி வெகுநேரம் கத்திக்கொண்டிருந்ததைத் தரையில் கிடந்த கூடு கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த குண்டு அதன் வாயில் உட்கார்ந்தது.

"அவன் சரியாகப் போய்ச் சேர்ந்தானா அக்கா?"

"இம்மிகூட விலகவில்லை."

"அப்படியென்றால் நானும் நேராகக் காகிதத்துக்குப் போய்விடுவேன்" என்றது குண்டு சந்தோஷமாக.

கூடு விடவே கூடாது என்று அதைத் தன் கழுத்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

எவ்வளவு இறுக்கிப் பிடித்தால் குண்டு நேராகப் போகும் என்பதையும் அவர் அளந்துதான் வைத்திருந்தார்.