கண்ணாடி ஓட்டு வெயில்

உழவர்கரை ஷெட்டில் காலை பத்து மணி வெயில் கண்ணாடி ஓடு வழியே மேஜைமேல் சதுரமாக விழுந்திருக்கிறது. அதன் நடுவே, ஐஸ் கம்பெனி மோட்டாரை ஓட்டப்போகிற போர்டு பச்சையாக மின்னுகிறது. பழைய சிப்பில் புரோகிராம் எழுதினால் எழுதியதுதான், அழிக்க முடியாது. வரலட்சுமி இப்போது மாற்றியிருக்கும் புது சிப்பை வெளிச்சம் காட்டி அழித்துத் திரும்ப எழுதலாம். அதற்கென்றே அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல். போர்டு நேற்று சாயங்காலம் ஒழுங்காக ஓடியது, இன்று நின்று நின்று போகிறது. "பழசையே மாட்டிடலாம்மா, மதியம் வண்டி வந்துடும்" என்கிறார் கூட வேலை செய்யும் உத்திராபதி. "இருங்கண்ணே." அவள் குனிகிறாள். போர்டு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு சீராகக் கண்சிமிட்டுகிறது. நிமிர்ந்தால் நின்றுவிடுகிறது. மறுபடி குனிகிறாள், ஓடுகிறது. "உன் மூஞ்சியப் பாத்தாதான் ஓடுமா?" என்கிறார் உத்திராபதி. தன் தலையின் நிழல் போர்டை மூடியிருப்பதை அப்போதுதான் வரலட்சுமி கவனிக்கிறாள். சிரிப்பு வந்துவிடுகிறது. நெற்றியிலிருந்த கறுப்பு ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து சிப்பின் ஜன்னல்மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிட்டு, மெதுவாக நிமிர்கிறாள். வெயில் மேஜை நிறையக் கிடக்கிறது. விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. "இன்னும் பதினோரு போர்டு இருக்கேம்மா" என்கிறார் உத்திராபதி. வரலட்சுமி கைப்பையைத் துழாவிப் பொட்டு அட்டையை வெளியே எடுக்கிறாள்.