இடுப்பில் இல்லாத தாயத்து

“அடிப்பாவி! அறுத்துட்டாளே!”

சூர்யகலா போட்ட சத்தத்தில், திண்டிவனம் தியேட்டரில் முன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சீரியலுக்கே மூக்கைச் சிந்துகிறவள். சினிமா என்றால் கேட்க வேண்டுமா?

திரையில் ஒரு வளர்ப்புத் தாய், தன்னை நம்பி ஒப்படைத்த குழந்தையின் இடுப்பிலிருந்த தாயத்தை அறுத்துக் கிணற்றில் எறிந்தாள். “இனிமே எங்க சாமியத்தான் நீ கும்பிடணும்” என்றாள். இடைவேளை விட்டார்கள்.

சூர்யகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து சீட்டைப் பார்த்தாள். அங்கே அமலா. பக்கத்து வீட்டுக்காரி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். மடியில் ஐந்து வயது கலைப்பிரியா.

இதுவும் வளர்ப்புக்கு வந்த பிள்ளைதான். அம்மா செண்பகம் கெடார் கிராமத்துக்காரி. டிபி வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவள் தேறி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி, அதிகாரிகள் பிள்ளையை அமலாவிடம் விட்டிருந்தார்கள். வந்த அன்றைக்கு அதன் இடுப்பில் கறுப்புக் கயிறும் செம்புத் தாயத்தும் இருந்ததைச் சூர்யகலா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

“குடு, பாப்பாவை நான் பாத்ரூம் இட்டுக்கினு போறேன்.”

திரும்பி வந்தபோது அவள் முகம் சரியில்லை. பிள்ளையின் இடுப்பில் கயிறும் இல்லை, தாயத்தும் இல்லை.

அதற்கப்புறம் அவள் எங்கே படம் பார்த்தாள்? அமலாவையே முறைத்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்தக் குழந்தை அழும்போதெல்லாம் கலைப்பிரியா அமலாவின் ரவிக்கைக்குள் கையை விட்டு, அவள் சிலுவைச் செயினை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

‘பயந்தா சிலுவையைப் புடிக்கிற அளவுக்குப் பழக்கிட்டாளே!’ சூர்யகலா மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

படம் முடிந்ததும் வாசலிலேயே மடக்கினாள். பிள்ளை அமலாவின் தோளில், செயினைப் பிடித்த பிடி விடாமல் தூங்கிப்போயிருந்தது.

“தாயத்து எங்கடி?”

அமலா திடுக்கிட்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். “வூட்டுல போய்ப் பேசிக்கலாம்க்கா.”

“ஏன், நாலு பேருக்குத் தெரிஞ்சுரும்னா? அம்மாக்காரி அங்க இருமிக்கினு கெடக்குறா. நாளைக்கு எழுந்து வந்து, எம் பொண்ணு எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவ? படத்துல வந்தவளுக்கும் உனக்கும் இன்னா வித்தியாசம்?”

“மெதுவாக்கா. பாப்பா முழிச்சுக்கும்.”

“அந்த ஆபீசர் மேடம் நம்பர் எங்கிட்டயும் இருக்குது. இப்பவே சொல்றேன். நாளைக்கே இட்டுக்கினு போய் ஹோம்ல வுடட்டும்.”

சொன்னதோடு நிற்கவில்லை, போனை எடுத்தேவிட்டாள்.

அமலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாங்க்கா! இப்பதான் ரெண்டு வாய் சோறு துன்னுது. இன்னொரு எடத்துக்கு மாத்துனா தாங்காதுக்கா.”

“அப்ப சொல்லு. எந்தக் கெணத்துல போட்ட?”

அமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வேர்வையில கயிறு உரசி இடுப்பெல்லாம் புண்ணுக்கா. டாக்டரு கழட்டித்தான் ஆகணும்னுட்டாரு. ஒடம்புச் சூட்டுலயே இருக்கணும்னு சொல்லி அவங்க அம்மா கட்டுனதாம். சூடு ஆறிட்டா அம்மா திரும்பி வரமாட்டாங்கன்னு இது ஒரே அழுகை. பீரோவுல வெக்கிறேன்னேன், கேக்கல. சாமி படத்துகிட்ட வெக்கிறேன்னேன், அதுக்கும் கேக்கல. அதான்…”

தோளில் கிடந்த பிள்ளையின் விரல்களை மெல்லப் பிரித்தாள்.

அமலாவின் செயினில், சிலுவையை ஒட்டி அந்தச் செம்புத் தாயத்து தொங்கியது.

“புண்ணு ஆறுற வரைக்கும் எஞ்சூட்டுல இருக்கட்டும்னு போட்டுக்கினேன். எங்க சபையில பாத்தா சும்மா வுடமாட்டாங்க. அதான் யார்கிட்டயும் சொல்லலக்கா.”

சூர்யகலா போனைப் பைக்குள் போட்டாள்.

திடீரென்று அமலாவின் முன்னால் வந்து நின்று, தன் முந்தானையை விரித்து அவள் கழுத்தை மறைத்தாள்.

“ஜல்தியா உள்ள போடுடி. உங்க சர்ச்சுக்காரங்க வர்றாங்க!”