'முற்றும்' போட்ட பிறகு

திரையில் அம்மா செத்துப்போனாள். மூத்த மகன் கதறினான். 'முற்றும்' என்று எழுத்து வந்தது.

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் உட்கார்ந்தார்.

படம் நிற்கவில்லை. இப்போதுதான் செத்த அம்மா, அடுப்படியில் நின்று ரெண்டு மகன்களுக்கும் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு வேறு.

அடப்பாவி! ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டான். கடைசி ரீல் முன்னால், அதற்கு முந்தின ரீல் கடைசியில்! நடுவே கதை தாவியது அழுகையில் அவருக்கு உறைக்கவில்லை.

டாக்டருக்கு இந்தப் படம் உயிர். நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்கும்போது, இதன் வசனத்தை முணுமுணுத்தபடிதான் பல்லைப் பிடுங்குவார். பழைய படப் பிரியர்களுக்கென்று ஒரு சங்கம் இருப்பது தெரிந்து, ஆசை ஆசையாக அன்றைக்குத்தான் சேர்ந்து, அவர்கள் போட்ட இந்தக் காட்சிக்கு வந்திருந்தார்.

சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருத்தராவது விசிலடிக்க வேண்டுமே! எல்லாரும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் சிரிப்போடு படம் அந்தரத்தில் நின்றது. விளக்கு எரிந்ததும் அப்படி ஒரு கைதட்டல்.

தியேட்டர் மேனேஜர் முன்னால் வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"முற்றும்னு போட்டாங்க. அதுக்கப்புறமும் ஓடிச்சு. என்னங்க இது? முதலாளி கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?"

சங்கத் தலைவி ரிட்டயரான டீச்சர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"அதுதான் சார் இந்தப் படத்தோட பெருமையே! முடிஞ்சதுன்னு நாம நினைக்கிறது எதுவும் முடியறதில்லைன்னு டைரக்டர் சொல்றார். அந்தக் காலத்துல இந்தத் துணிச்சல் யாருக்கு வரும்?"

"செத்தவங்க எப்படிம்மா சமைக்கிறாங்க?"

"அது மகனோட ஞாபகம் சார்" என்று அடித்துவிட்டார் மருந்துக்கடைக்காரர். "அம்மா போனப்புறம் அவங்க கையால சாப்பிட்டதுதானே மனசுல நிக்கும்? அந்த ஒரு இடத்துக்காகவே இந்தப் படத்தை எத்தனை தடவை வேணும்னாலும் பார்ப்பேன்."

"ஆமா, ஆமா" என்றது கூட்டம். பின்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைக்கூட உறிஞ்சினாள்.

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரசிகர்களாம், ரசிகர்கள்! ஒருத்தரும் படத்தை முழுசாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது. வாய் மட்டும் காது வரைக்கும்!

எழுந்தார். "மன்னிக்கணும். இதெல்லாம் சுத்தப் பேத்தல். இந்தப் படத்துல வந்து..."

"டாக்டர் தம்பி!" டீச்சர் வகுப்பறைக் குரலில் வெட்டினார். "புதுசா வந்திருக்கீங்க. பழைய படமெல்லாம் புரியறதுக்குக் கொஞ்ச நாளாகும். உட்காருங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டாக்டருக்கு முகம் சுண்டிப்போனது.

வெளியே டீ குடிக்கிற இடத்தில் டீச்சரை மடக்கினார்.

"எனக்கா புரியலை? என் பேரை இப்பவே அடிச்சிடுங்க. படமே பார்க்காம வேஷம் போடறவங்களோட எனக்கு ஒத்துவராது."

டீச்சர் கோபப்படவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

"தம்பி, இந்தப் படத்தைத் தலைகீழா ஓட்டினாலும் நாங்க மனசுக்குள்ள நேரா அடுக்கிப் பார்த்துக்குவோம். அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்கவா பழைய படத்துக்கு வர்றோம்? நல்லாத் தெரிஞ்ச மனுஷங்களை மறுபடி பார்த்துட்டுப் போகத்தானே வர்றோம்!"

"அப்ப ரீல் மாறினது உங்களுக்கும் தெரியும்?"

"தெரியாம என்ன?"

"பின்னே எதுக்கு அந்தப் பூசி மெழுகல்?"

டீச்சர் கண்ணாலேயே மாடிப்படியைக் காட்டினார். ஆபரேட்டர் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்தார்.

"அவருக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆச்சு. இன்னும் பார்வை தெளியலை. ரீல் டப்பா மேல இருக்கிற நம்பர் மங்கலாத்தான் தெரியுதாம். போன மாசமும் ஒரு தப்பு நடந்துபோச்சு. இன்னொரு தடவை நடந்தா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு முதலாளி சொல்லியிருக்கார். இதை விட்டா அவருக்கு வேற தொழில் தெரியாது."

டாக்டர் கையிலிருந்த டீயை மறந்துபோனார்.

நேரம் பார்த்து மேனேஜர் வந்து சேர்ந்தார்.

"டாக்டர், அங்கே நீங்க என்னவோ சொல்ல வந்தீங்க. பேசவிடாம பண்ணிட்டாங்க. நீங்க படிச்சவர், இவங்களுக்குப் புதுசு, யாருக்கும் பரிஞ்சு பேசவேண்டியதில்லை. உள்ளதைச் சொல்லுங்க. ரீல் மாறிச்சா, இல்லையா?"

படியில் ஆபரேட்டர் அப்படியே நின்றுவிட்டார். டீச்சர் தரையைப் பார்த்தார்.

கூட்டம் சிரித்த சிரிப்பு டாக்டரின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், போன மானம் திரும்பி வந்துவிடும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாறலை சார். எனக்குத்தான் புரியலை. பழைய படமெல்லாம் எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லை."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப முதலாளிகிட்ட தைரியமா சொல்லிடலாம், ஒரு டாக்டரே சொன்னார்னு."

"தாராளமா சொல்லுங்க."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். படியில் நின்ற ஆபரேட்டரைப் பார்த்து, 'போய் டீ குடி' என்று கையைக் காட்டினார். பிறகு டாக்டரின் காதருகே குனிந்தார்.

"உண்மையைச் சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன் டாக்டர். சின்ன வயசுலேர்ந்து இந்தப் படம் முடியறப்ப அழுதுக்கிட்டுத்தான் வெளியே வருவேன். இன்னைக்குத்தான் அந்த அம்மா சிரிச்சுக்கிட்டு இருக்கறப்பவே எழுந்து வந்தேன்."