ஓசி டீ

"த்ரீ-டி பிரிண்டர் பிழிஞ்சு தர்ற கான்கிரீட் ஒரு ஆள் பாரமாவது தாங்குமா?" மரத்தடி பெஞ்சில் சாய்ந்தபடி கேட்டார் சிவில் துறைத் தலைவர்.

புதிதாகச் சேர்ந்த பேராசிரியையின் முகம் தொங்கிவிட்டது. அவள் நடத்தும் அந்தப் பாடம் அடுத்த வருடம் உண்டா, இல்லையா என்று மதியக் கூட்டத்தில் முடிவாகிவிடும்.

"பசங்க ஆசையா கத்துக்கறாங்க சார்."

"ஆசை கட்டடத்தைத் தாங்காதும்மா."

அந்தப் பக்கமாகப் போன நூலகரையும் பி.டி. மாஸ்டரையும் கைதட்டிக் கூப்பிட்டார். "வாங்க, உட்காருங்க. டீ என் செலவு!"

எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர் ஒரு மாதமாக வள்ளலாகிவிட்டதில் கல்லூரிக்கே ஆச்சரியம். இருவரும் அவருக்கு இருபுறமும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க சார். நீங்க மூணு பேரும் உட்கார்ந்திருக்கறதே பசங்க பிரிண்ட் பண்ணின பெஞ்சுதான். மேல சிமென்ட் பூசி, போன மாசம் உங்ககிட்ட சொல்லாம போட்டுட்டோம்."

நூலகர் துள்ளி எழுந்தார். தலைவர் அசையவே இல்லை.

"முதல் நாளே அடியில தடவிப் பார்த்துட்டேன். பிரிண்டர் பிழிஞ்ச வரிவரியா இருந்துச்சு. அங்க பூச மறந்துட்டீங்க."

"அப்ப ஏன் சார் இவ்வளவு கேள்வி?"

"மதியம் கூட்டத்துல இதையெல்லாம் கேட்கத்தானே போறாங்க? பதில் சொல்லிப் பழக வேண்டாமா?" டீயை உறிஞ்சிவிட்டு நூலகரைப் பார்த்தார். "நீங்க ஏன் சார் எழுந்தீங்க? உட்காருங்க. ஒரு மாசமா சும்மாவா டீ வாங்கித் தர்றேன்? லோடு டெஸ்ட் இன்னும் முடியல!"